ராத்திரிக் கணக்கும் பகல் பஸ்ஸும்: கோவை மெட்ரோ ஏன் திரும்பி வந்தது?

காலை ஆறே கால், ஆறரை வாக்கில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கேரளப் பக்கத்து வேலந்தாவளத்தில் வந்து நின்று பாருங்கள், கோயம்புத்தூர் எவ்வளவு பெரிய ஊர் என்று புரியும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்து ஊர்களிலிருந்து ஜனம் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை பிரித்துக் காட்டும் பெண்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், பவுண்டரி வேலைக்காரர்கள், கொத்தனார், சித்தாள், காலேஜ் பசங்க, ஸ்கேன் எடுக்கப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிற பேரன். பேச்சு தமிழ், ரேஷன் கார்டு கேரளா, சம்பளம் கோயம்புத்தூர். செக்போஸ்ட் தாண்டி பஸ் பிடித்து, மதுக்கரை, குனியமுத்தூர், ஆத்துப்பாலம் என்று நசுங்கி உக்கடம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே இறங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. கம்பெனியும் காலேஜும் ஆஸ்பத்திரியும் அவினாசி ரோட்டிலும் சத்தி ரோட்டிலும் இருக்கின்றன. அதற்கு இன்னொரு பஸ், சில பேருக்கு இரண்டு.

நானும் பதினோரு வருஷம் இந்த வழியில் போய் வந்தவன். 2025 நவம்பரில் கோவை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது என்ற செய்தி வந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் அதைப் பற்றி அவ்வளவு பேச்சு நடந்ததற்குக் காரணம் இதுதான். வேறு மாநிலத்துக்காரர்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த மெட்ரோவின் முதல் நிலையமே உக்கடம் பஸ் ஸ்டாண்டு. பாலக்காட்டு பஸ்ஸும் பொள்ளாச்சி பஸ்ஸும் வந்து நிற்கிற அதே இடம்.

திட்டம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வழித்தடங்கள். ஒன்று உக்கடத்தில் ஆரம்பித்து, ரயில்வே ஜங்ஷன் வழியாக அவினாசி ரோடு முழுக்கப் போய், விமான நிலையத்தைத் தாண்டி நீலாம்பூரில் முடியும். இன்னொன்று ஜங்ஷனிலிருந்து காந்திபுரம் வழியாகச் சத்தி ரோட்டில் வலியம்பாளையம் பிரிவு வரை. இரண்டும் சேர்த்து சுமார் 35 கிலோமீட்டர், 32 நிலையங்கள், செலவு 10,740 கோடி ரூபாய். மதுரைக்கும் இதேபோல் ஒரு திட்டம் கூடவே போயிருந்தது. மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் இரண்டையும் திருப்பி அனுப்பியது.

முக்கியமான காரணமாகச் சொன்னது மக்கள்தொகை. 2017-ல் வந்த மெட்ரோ ரயில் கொள்கைப்படி நகரத்தில் 20 லட்சம் பேராவது இருக்க வேண்டும், 2011 கணக்கெடுப்பின்படி கோவையில் அவ்வளவு இல்லை என்றார்கள். உடனே அப்போது ஆட்சியில் இருந்த திமுக கூட்டணி இதைப் பழிவாங்கல் என்றது, இரண்டு ஊரிலும் ஆர்ப்பாட்டம் நடத்தியது, அப்போதைய முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பாஜக தரப்பில், மாநில அரசு கொடுத்த அறிக்கையே சரியில்லை என்றார்கள். சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நேரம். இரண்டு பக்கமும் சத்தம் பெரிதாகி, பஸ்ஸில் போகிறவனுக்கு என்ன ஆச்சு என்கிற விஷயம் அடியில் போய்விட்டது.

அந்த 20 லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் கோயம்புத்தூருக்கு ஒரே ஒரு எண் கிடையாது. பழைய மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 10.5 லட்சம் பேர். அதே வருஷம் சுற்றுவட்டாரத்தைச் சேர்த்து மாநகராட்சியை விரித்தார்களே, அந்த எல்லைக்குள் சுமார் 16 லட்சம். ஊர் நிஜமாகவே ஒட்டி வளர்ந்து கிடக்கும் பரப்பை எடுத்து, நகரத் தொகுப்பு என்று கணக்கெடுப்புத் துறையே ஒரு எண் தருகிறது. அது 21.36 லட்சம். ஆக, எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து கோவை தகுதியுள்ள ஊராகவும் ஆகும், தகுதியில்லாத ஊராகவும் ஆகும்.

இதைக் கேரளத்தில் இருந்துகொண்டு பார்க்கும்போது இன்னும் உறுத்துகிறது. கொச்சி மாநகராட்சியின் மக்கள்தொகை 2011-ல் ஆறு லட்சம்தான். நகரத் தொகுப்பாக எடுத்தால் 21.2 லட்சம், அதாவது கோவையைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த ஊருக்கு 2012-ல் மத்திய அமைச்சரவை மெட்ரோவுக்கு ஒப்புதல் கொடுத்தது, 2017 ஜூனில் வண்டி ஓடியது. சரி, அது கொள்கை வருவதற்கு முன்னால் என்று சொல்லலாம், நியாயம்தான். ஆனால் போபாலுக்கு ஒப்புதல் கிடைத்தது 2018-ல், ஆக்ராவுக்கு 2019-ல். இரண்டும் கொள்கை வந்த பிறகு. 2011 கணக்கில் போபால் நகரத் தொகுப்பு சுமார் 18.9 லட்சம், ஆக்ரா 17.6 லட்சம். ஆக்ராவில் 2024-லேயே மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்களும் பஸ்ஸில் நசுங்கினவர்கள்தான். ஆனால் ஒரே அளவுகோல் ஊருக்கு ஊர் நீண்டு சுருங்குகிறது என்றால், முடிவை எடுப்பது அளவுகோல் இல்லை என்றுதான் அர்த்தம்.

அதைவிடப் பெரிய விஷயம், எண்ணுவதே 2011-ஐ வைத்து. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை, 2027-க்குப் போய்விட்டது. நடுவில் சரவணம்பட்டி எப்படி ஆகியிருக்கிறது, நீலாம்பூர் எப்படி ஆகியிருக்கிறது என்று அங்கே போய் வருகிற எவருக்கும் தெரியும்.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் எங்கள் கதை வருகிறது. மக்கள்தொகைக் கணக்கு என்பது ராத்திரி எங்கே படுக்கிறோம் என்கிற கணக்கு. போக்குவரத்துக்கு வேண்டியது பகலில் எங்கே போகிறோம் என்கிற கணக்கு. கோவையின் நகரத் தொகுப்பு எண்ணில் வாளையாருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒருவர்கூடக் கிடையாது. மாநில எல்லையோடு எண்ணிக்கை நின்றுவிடுகிறது. பொள்ளாச்சி, திருப்பூர், மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்களும் அப்படித்தான் விடுபடுகிறார்கள். பகலில் கோவை ரோட்டை நிரப்புகிற கூட்டத்தில் ஒரு பெரிய பங்கு, ராத்திரிக் கணக்கில் வேறெங்கோ இருக்கிறது. ஓட்டும் அங்கேதான் இருக்கிறது. பொதுப் போக்குவரத்துக்குப் பணம் ஒதுக்குவதில் வருகிற அரசியல் தயக்கத்துக்கு அடி வேர் இது என்று நான் நினைக்கிறேன். கோவை கவுன்சிலரோ எம்எல்ஏவோ உக்கடத்தில் இறங்குகிற எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சித்தூர் எம்எல்ஏ கோவை பஸ்ஸுக்காகத் திருவனந்தபுரத்தில் பேசி என்ன ஆகப்போகிறது? தெருவில் இத்தனை பேர் இருக்கிறோம், ஆனால் ஒரு தொகுதியாகச் சேர்ந்து எங்கேயும் இல்லை.

அமைச்சகம் சொன்ன மற்றக் காரணங்களை ஒதுக்கிவிடக் கூடாது, அதில் சரக்கு இருக்கிறது. சென்னையில் 55 கிலோமீட்டர் மெட்ரோவில் நாளுக்கு நாலு லட்சம் பேர் போகும்போது, கோவையில் 35 கிலோமீட்டரில் 5.9 லட்சம் பேர் வருவார்கள் என்று எப்படிக் கணித்தீர்கள் என்று கேட்டார்கள். இது நல்ல கேள்வி. கொச்சியிலும் ஆரம்பத்தில் திட்ட அறிக்கையில் எழுதினதில் சிறு பங்கு ஆட்கள்தான் வந்தார்கள். லட்சத்தைத் தாண்டுகிற நாட்கள் வர வருஷக்கணக்கில் ஆயிற்று. ஆட்கள் வருவார்கள் என்று கூட்டி எழுதுவது நம் நாட்டு மெட்ரோ அறிக்கைகள் பலவற்றுக்கும் இருக்கிற பழக்கம், அதைத் தமிழ்நாட்டு அதிகாரிகள் சரிபார்த்து அனுப்பியிருக்க வேண்டும். கோவையில் ஒருவர் சராசரியாகப் போகிற தூரமே குறைவு, மெட்ரோவால் மிச்சமாகும் நேரம் பெரிதாக இருக்காது என்றும் சொன்னார்கள். இங்கேதான் எனக்குச் சண்டை. முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறவனைக் கணக்கில் எடுக்காமல் சராசரி போட்டால் சராசரி குறையத்தானே செய்யும்?

அப்புறம் ரோட்டு அகலம். சில இடங்களில் நிலையம் கட்டத் தேவையான அகலம் இல்லை என்றார்கள். இதைப் படித்ததும் எனக்கு அவினாசி ரோட்டு மேம்பாலம்தான் கண்ணில் வந்தது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், செலவு 1,791 கோடி ரூபாய். 2020 கடைசியில் அதிமுக ஆட்சியில் வேலை தொடங்கி, 2025 அக்டோபரில் திமுக ஆட்சியில் திறந்தார்கள். ரோட்டின் நடுவில் வரிசையாகத் தூண்கள். மெட்ரோவும் அதே அவினாசி ரோட்டில்தான் போக வேண்டும். ஊரின் முதுகெலும்பு மாதிரி இருக்கிற ரோட்டின் நட்டநடுவைக் காருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே மெட்ரோவுக்கு இடமில்லை என்று ஒரு கடிதம் வருகிறது. ஒன்றைச் செய்தது மாநிலம், இன்னொன்றைச் சொன்னது மத்திய அரசு. ஆனால் இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மேம்பாலத்துக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 177 கோடி. மெட்ரோவுக்குக் கிலோமீட்டருக்கு 300 கோடிக்குச் சற்று மேல். மெட்ரோவுக்கு ஓட்டுகிற செலவு தனியாக உண்டு, டிக்கெட் வருமானமும் உண்டு. விலையில் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. கேட்கப்படுகிற கேள்விகளில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மெட்ரோ என்றால் 2017 கொள்கைப்படி போக்குவரத்துத் திட்டம் போட்டிருக்கிறாயா, மாற்று வழிகளை ஒப்பிட்டாயா, தனியார் முதலீடு எங்கே, சமூகத்துக்கு வருகிற பொருளாதாரப் பலன் 14 சதவீதமாவது இருக்குமா, எல்லா வண்டிகளையும் ஒருங்கிணைக்கிற நகரப் போக்குவரத்து ஆணையம் அமைத்தாயா என்று வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான், தப்பே இல்லை. ஆனால் மேம்பாலத்துக்கு இப்படி மக்கள்தொகை வரம்பு வைத்து, இத்தனை லட்சம் பேர் இல்லாவிட்டால் பாலம் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. பாலத்தில் போகிறவர்கள் பாலத்தின் செலவைத் திருப்பித் தருவார்களா என்றும் கேட்கவில்லை.

நம் பேச்சிலேயே இது ஊறியிருக்கிறது. ரோடு போட்டால் வளர்ச்சி, பஸ் விட்டால் நஷ்டம். போக்குவரத்துக் கழகம் இத்தனை கோடி நஷ்டம் என்று வருஷா வருஷம் தலைப்புச் செய்தி வரும். நெடுஞ்சாலைத் துறை இத்தனை கோடி நஷ்டம் என்று ஒரு தலைப்பை நான் இதுவரை படித்ததில்லை. இரண்டும் அரசுப் பணம், இரண்டும் ஜனங்கள் போய்வரத்தான். ஒன்றில் டிக்கெட் கிழிக்கிறார்கள், அதனால் அங்கே வரவு செலவு கண்ணுக்குத் தெரிகிறது. மற்றதில் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பணம் யார் போடுவது என்பதில் மத்திக்கும் மாநிலத்துக்கும் நடக்கிற இழுபறிக்குச் சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் நல்ல உதாரணம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. 2020 நவம்பரில் அமித் ஷா அடிக்கல் நாட்டினார், 2021 மத்திய பட்ஜெட்டில் நிதி அறிவிப்பு வந்தது, ஆனால் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். நடுவில் கிட்டத்தட்ட நாலு வருஷம் மாநில அரசின் சொந்தத் திட்டம் என்ற பெயரில் ஓடியது, சுமையை மாநிலம் தாங்கியது. கடைசியில் முடிவான பங்கைப் பாருங்கள்: மத்திய அரசு நேரடியாகத் தருவது 7,425 கோடி, மாநிலம் 22,228 கோடி, மீதி 33,593 கோடி கடன். மெட்ரோ என்றாலே மத்திய அரசு தருவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பெரும்பங்கு கடன், அடுத்தது மாநிலம், பிறகுதான் மத்தி. ஆனால் மத்திய அரசின் கையெழுத்து இல்லாமல் வெளிநாட்டு வங்கிக் கடன் வராது. அதனால் சின்னப் பங்கு வைத்திருக்கிறவரிடம் பெரிய பூட்டுச் சாவி இருக்கிறது.

மாநிலக் கட்சிகளின் பங்கையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இருக்காது. கோவைக்கு வெள்ளலூரில் ஒருங்கிணைந்த பஸ் நிலையம் என்று 168 கோடியில் 2020-ல் வேலை தொடங்கியது. 2021-ல் ஆட்சி மாறியது. வேலை பாதியில் நின்றது. கான்கிரீட் எழும்பி நிற்கிற அந்த இடம் சரியான இடமா இல்லையா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம், எனக்கே அது ஊருக்குக் கொஞ்சம் ஒதுக்குப்புறம் என்றுதான் படுகிறது. ஆனால் யார் ஆரம்பித்தது என்பதுதான் அதன் விதியை நிர்ணயித்தது. மேம்பாலத்துக்கு அந்த விதி வரவில்லை, கவனித்தீர்களா? அதையும் அதிமுகதான் ஆரம்பித்தது, திமுக முடித்துத் திறந்தது. பாலம் கட்சி மாறினாலும் பிழைக்கிறது, பஸ் ஸ்டாண்டு செத்துப்போகிறது.

பஸ் கட்டணம் இன்னொரு முடிச்சு. தமிழ்நாட்டில் கடைசியாகக் கட்டணம் ஏறியது 2018 ஜனவரியில், டவுன் பஸ் குறைந்தபட்சம் மூன்று ரூபாயிலிருந்து ஐந்தானது. மாணவர்கள் ரோட்டில் இறங்கினார்கள், அரசு கொஞ்சம் குறைத்தது. அப்போது லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே இருந்த டீசல் இப்போது 90-க்கு மேல். கட்டணத்தை ஏற்ற எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை, ஏற்றச் சொல்லவும் எனக்கு மனசில்லை. ஆனால் ஏற்றாத பணத்தை அரசு முழுதாக ஈடு செய்யாவிட்டால், அது பழைய வண்டியாக, ஒழுகுகிற கூரையாக, ஆள் இல்லாததால் ரத்தான டிரிப்பாக நம் தலையில்தான் வந்து விடிகிறது. கேரளத்தில் 2022 மே முதல் குறைந்தபட்சம் பத்து ரூபாய். எல்லையில் அன்றாடம் இரண்டையும் கொடுக்கிறவர்கள் நாங்கள்.

இதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அரசியல் மாறிப் பார்த்திருக்கிறேன். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. வேலந்தாவளத்தில் ஏறுகிற எங்கள் பக்கத்துப் பெண்களிடம் எந்த மாநிலம் என்று கண்டக்டர் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் துணிக்கடையில் வேலை பார்க்கிறார். "மாசம் மிச்சமாகிற காசுல பொண்ணுக்கு டியூஷன் கட்டறேன் தம்பி" என்றார். இலவசம் என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு அந்த வீட்டுக் கணக்கு தெரியாது. இன்னொன்றும் நடந்தது. காசில்லாத டிக்கெட் என்றாலும் டிக்கெட் கிழிக்கிறார்கள், அதற்கு மாநில அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது. அதனால் எத்தனை பெண்கள், எத்தனை நடை என்று எண்ண வேண்டிய அவசியம் வந்தது. எண்ண ஆரம்பித்ததும் அவர்கள் ஓட்டாகத் தெரிந்தார்கள், தெரிந்ததும் பணம் வந்தது. பஸ் நஷ்டம் என்று பேசியவர்களே கூட அந்தத் திட்டத்தை நிறுத்துவேன் என்று மேடையில் சொல்லத் தயங்குகிறார்கள்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு அந்த மாதிரி எண்ணப்படுகிற வாய்ப்பு இன்னும் வரவில்லை. ஒரு மாநில பஸ் இன்னொரு மாநிலத்துக்குள் ஓட வேண்டும் என்றால் மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த மாநிலமும் பெர்மிட்டில் ஒப்புதல் தர வேண்டும், அதற்கு இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட வேண்டும், உன் வண்டி இத்தனை கிலோமீட்டர் என்றால் என் வண்டியும் அதற்கு ஈடாக ஓடும் என்று சமன் பார்க்க வேண்டும். கூட்டம் கூடினால் நாளைக்கே ஒரு வண்டி கூட்டிவிட முடியாது. கொரோனாவில் 2020 மார்ச்சில் நின்ற தமிழ்நாடு-கேரள பஸ் போக்குவரத்து 2021 டிசம்பர் ஒன்றாம் தேதிதான் திரும்ப ஓடியது. இருபது மாதம். உள்ளூர் பஸ்கள் எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டன, தியேட்டர் திறந்தது, தேர்தலே நடந்து முடிந்தது. எல்லைக்கு எல்லை பஸ் ஏறி இறங்கி, நடுவில் நடந்து கடந்து வேலைக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். இரண்டு தலைநகரங்களிலும் அது ஒரு அவசர விஷயமாகத் தெரியவில்லை.

ரயிலும் அப்படித்தான். பாலக்காடு-பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்த 2008-ல் மூடினார்கள், 2015-ல்தான் திறந்தார்கள். புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று அந்தப் பாதையை நம்பி இருந்த ஊர்களுக்கு ஏழு வருஷம் ரயில் கிடையாது. பாதை பளபளப்பாக வந்தது, ஆனால் பழையபடி நாள் முழுக்கப் பாசஞ்சர் வண்டிகள் வரவில்லை. பஸ்ஸுக்குப் பழகின ஜனத்தைத் திரும்ப ஸ்டேஷனுக்குக் கூப்பிட அடிக்கடி வண்டி விட வேண்டும். வண்டி விடக் கூட்டம் வேண்டும் என்கிறார்கள். கேரள அரசு 63,941 கோடியில் போட்ட சில்வர்லைன் ரயில் திட்டத்தை, அளந்து நட்ட மஞ்சள் கல்லைப் பிடுங்கி ஜனங்கள் எதிர்த்தபோது எங்கள் மாவட்டம் அமைதியாக இருந்தது, ஏனென்றால் திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை போகிற அந்தப் பாதை பாலக்காட்டைத் தொடவே இல்லை.

அவினாசி ரோட்டு மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர், அந்த ஊருக்கு அவர் செய்தது கொஞ்சமில்லை. அவர் தொழில் ஆரம்பித்தது எதில் என்று இளம்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்: 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டிய ஒற்றை பஸ்ஸில். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்து நூற்றுக்கணக்கில் வண்டி ஓடியது. இந்த வட்டாரத்துக்கு நேரத்துக்கு பஸ் என்றால் என்ன என்று காட்டியவர்களில் அவர் முதன்மையானவர். அந்தப் பாலத்தின் மேலே நிறுத்தங்கள் இல்லை. வழியில் இறங்க வேண்டிய பஸ் ஜனத்துக்கு இன்னும் கீழே உள்ள ரோடுதான்.

சரி, மெட்ரோ இல்லாவிட்டால் என்ன, தனிப்பாதை பஸ் விடலாமே என்கிறார்கள். மதுரை விஷயத்தில் அமைச்சகமே அதைத்தான் சுட்டிக்காட்டியது. எனக்கு அதில் கொள்கை எதிர்ப்பு இல்லை. நன்றாகச் செய்தால் குறைந்த செலவில் சீக்கிரம் கிடைக்கும், அகமதாபாத்தில் 2009 முதல் ஓடுகிறது. ஆனால் அதற்கும் காரிடமிருந்து ரோட்டைப் பிரித்து பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும், அங்கேதான் அரசியல் கையை விரிக்கிறது. டெல்லியில் 2008-ல் போட்ட பஸ் பாதையை, கார்க்காரர்களின் கோபத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2016-ல் பிடுங்கினார்கள். போபாலில் 2024-ல் இடித்தார்கள். மெட்ரோ கிடைத்த போபாலுக்கே பஸ் பாதை வேண்டாம் என்று ஆகிவிட்ட பிறகு, அதை இன்னொரு ஊருக்கு மாற்றாகச் சொல்வது என்றால் அதற்கான பணமும் உறுதியும் கூடவே வர வேண்டும். வெறும் யோசனை போதாது. பத்து கிலோமீட்டர் பாலம் கட்டிய அவினாசி ரோட்டின் அடியில் ஒரு பாதையை பஸ்ஸுக்கென்று ஒதுக்குவதற்கு டெல்லி அனுமதி வேண்டியதில்லை, மாநில அரசு நினைத்தால் போதும். இதுவரை நினைக்கவில்லை.

2011 கணக்கெடுப்பின்போது எங்கள் வீட்டுக்கு வந்த டீச்சரை நினைவிருக்கிறது. வெயிலில் வந்து திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் படிவத்தை விரித்தார். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, பலருக்கு மறந்திருக்கும்: வேலை செய்யும் இடம் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எதில் போகிறீர்கள்? நடையா, சைக்கிளா, பைக்கா, பஸ்ஸா, ரயிலா என்று குறியீடு போட இடம் விட்டிருந்தார்கள். நாடு முழுக்கக் கேட்டார்கள், அட்டவணையாகவும் வெளியிட்டார்கள். எந்த 2011 கணக்கை வைத்து கோவையில் ஆளில்லை என்று சொன்னார்களோ, அதே கணக்கெடுப்பில்தான் இந்தப் பதில்களும் இருக்கின்றன. டீச்சர் கேட்டபோது நான் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார்: முப்பத்தைந்து கிலோமீட்டர், பஸ்.